இருநூற்றுப் பதினான்காவது சொல்

மருத்துவச் சொல் விளக்கக் குழுவின் தலைவர் சியோசைஃபா எட்டு வருடம் உட்கார்ந்து, அறுநூற்றுப் பன்னிரண்டு நோய்களுக்கு டோங்கா மொழியில் விளக்கம் எழுதினார். தட்டச்சு செய்தது நான். தலைநகர் நூக்குஅலோஃபாவில் நடந்த வெளியீட்டு விழா விருந்துக்கு ஒன்பது பன்றிகள் சுடப்பட்டன. "நோயைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்" என்று தலைவர் நாற்பது நிமிடம் முழங்கினார்.

அடுத்த வாரம் நியூசிலாந்திலிருந்து அறுவைச் சிகிச்சை டாக்டர் ஒருவர் ஒரே ஒரு நாளுக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மொழிபெயர்க்கும் நர்ஸ் சாவு வீட்டுக்குப் போயிருந்தாள்.

"நர்ஸ் எதுக்கு? புத்தகம் எழுதினவனே இருக்கேன்ல?" எங்கள் ஊரில் மரியாதைக்குக் கட்டும் இடுப்புப் பாயில் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு தலைவர் டாக்டர் பக்கத்தில் அமர்ந்தார்.

வராந்தாவில் வரிசையில் நின்ற அவருடைய அக்கா மெலெனைட்டே என் காதைக் கடித்தாள். ஹாபாய் தீவிலிருந்து படகில் வந்திருந்தாள். "மார்ல கட்டிடி. நாலு மாசமா இருக்கு. இந்த டாக்டர் பேரு எழுதினா ஆக்லாந்துல வெட்டி எடுத்துடுவாங்களாம். உள்ள நர்ஸ்தானே இருக்கா?"

"உங்க தம்பி இருக்காரு."

"அவன் எதுர்லயா? அதுக்குக் கட்டியே தேவலை."

அக்காவும் தம்பியும் எதிரெதிரே உடம்புப் பேச்சு எடுப்பது எங்களில் கிடையாது. ஒரே அறையில் உட்காருவதே அதிகம். அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நானும் கூடப் போனேன்.

டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார்: மார்பில் கட்டி, வலி, கசிவு ஏதாவது?

தலைவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். "அக்கா, சௌக்கியமான்னு கேக்கறாரு."

அவள் தரையைப் பார்த்தாள். "ஆண்டவர் புண்ணியத்துல சௌக்கியம். கொஞ்சம் அசதி."

"அசதி" என்றார் தலைவர் டாக்டரிடம். டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். நான் குறுக்கே பேசியிருக்கலாம். தலைவர் இருக்கும்போது தட்டச்சுக்காரி வாய் திறக்கும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

மறு வருடம் அதே டாக்டர் வந்தார்; மொழிபெயர்க்கப் பக்கத்தில் அதே தலைவர். இம்முறை அவளைத் தூக்கி வந்தார்கள். வாடையிலேயே டாக்டருக்குப் புரிந்துவிட்டது. இனி செய்ய ஒன்றுமில்லை என்றார்.

இருநூற்றுப் பதினான்காவது சொல் மார்பகப் புற்று. 'தொடக்கத்திலேயே சொன்னால் பெரும்பாலும் குணமாகும்' என்று தலைவர் எழுதியது எனக்கு மனப்பாடம். அந்தப் பக்கத்தை மூன்று தடவை அடிக்க வைத்தார்.

"டாக்டர் என்னப்பா சொல்றாரு?" என்றாள் அக்கா.

தலைவர் நாட்காட்டியைப் பார்த்தார். புது வருடத்து நாட்காட்டி.

"நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்றாருக்கா."