ஆழினியின் தோள்கள்

வினீத்தின் பதிப்பகம் கிழக்கேகோட்டையில் ஒரு செருப்புக்கடையின் மாடியில் இருக்கிறது. விழிஞ்ஞத்திலிருந்து ஜெஸ்லின் தன் முதல் அட்டைப்படத்தோடு அங்கே வந்தாள். இளைஞர்களுக்கான ஒரு மாயக்கதை நாவலுக்காக வரைந்த படம் அது. பூதங்கள் பிடித்துக்கொண்ட தீவை மீட்கப் போகும் பதினேழு வயது ஆழினிதான் நாயகி. அவளை வரைவதற்காக, கல்லூரிப் படகு அணியில் இருக்கும் தன் சித்தி மகளை மூன்று நாள் துடுப்போடு நிற்க வைத்திருந்தாள் ஜெஸ்லின்.

நாவலை எழுதிய ஆதிராவும் வலியசாலையிலிருந்து வந்திருந்தாள்.

வினீத் படத்தை வெகுநேரம் பார்த்தான். வண்ணம் நன்றாக இருக்கிறது என்றான். பிறகு, தோளைக் கொஞ்சம் குறைத்து இடுப்பை ஒடுக்கித் தரச் சொன்னான். பிள்ளைகள் கடையில் புத்தகத்தைக் கையில் எடுக்க வேண்டுமே என்பது அவன் கவலை. இதுவரை அவன் போட்ட அட்டைகளில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

ஜெஸ்லினுக்குக் கோபம் வந்தது. குரல் உயரவில்லை. கையெழுத்துப் பிரதியில், ஆழினி தனியாகத் துடுப்பு போட்டுப் படகு ஓட்டும் நாலாம் அத்தியாயத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள்.

"சேட்டா, இவ மூணு நாளா ஒத்தைக்கு வள்ளம் துழைஞ்சிருக்கா. அடிபட்ட அண்ணனும் அதுலதான் கெடக்கான். நீங்க சொல்லுத கையை வச்சு துழைஞ்சா வள்ளம் நகருமா?"

இது கதைதானே என்று வினீத் சிரித்தான். ஜெஸ்லின் சிரிக்கவில்லை. படத்தை மாற்றுவதாக இருந்தால் தன் பெயர் அதில் வேண்டாம் என்றாள்.

ஆதிரா பிரதியை வாங்கி முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

"தப்பு எம்மேலயும் இருக்கு, வினீத். இங்க நானே கொடியிடைன்னு எழுதி வச்சிருக்கேன். யோசிக்காம கை எழுதிடுத்து."

அந்த வரியைப் பேனாவால் அடித்தாள். துடுப்பு பிடித்தால் கையில் எங்கே காய்க்கும் என்று ஜெஸ்லினிடம் கேட்டாள். விரல்களின் அடியில் என்று ஜெஸ்லின் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஆதிரா அதை எழுதிக்கொண்டாள்.

வினீத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அச்சகத்துக்குப் போன் செய்து, அட்டை இப்படியே போகட்டும் என்றான்.

ஜூலையில் புத்தகம் வந்தது. நகரத்துப் பள்ளி ஒன்றில் நடந்த வாசிப்புக் கூட்டத்துக்கு ஜெஸ்லினும் போயிருந்தாள். கடைசி வரிசையில் வாட்டசாட்டமான ஒரு மாணவி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டி, முழங்கையை மடக்கிப் புஜத்தை முறுக்கி, பக்கத்திலிருந்த தோழியிடம் நீட்டினாள்.

தோழி தொட்டுப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.