சோலெங் வீட்டு வெள்ளைக் குதிரை

"குதிரையா? நம்ம வீட்லயா?"

பெலென் அத்தை போட்ட கூச்சலில், சவப்பெட்டிக்குப் பக்கத்து மேஜையில் சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேரும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

ரோவேனா கைப்பேசியை இன்னொரு தரம் உரக்கப் படித்தாள். "பஸ் ஏறிட்டேன் அக்கா. மூணு மணி நேரத்துல வந்துடுவேன். அதுக்குள்ள எடுத்துடாதீங்க. சோலெங் அம்மாவோட வெள்ளைக் குதிரையை வாசல்லயே கட்டி வைங்க. அதை வெச்சுத்தான் வீட்டைக் கண்டுபிடிக்கணும்."

அனுப்பியவள் மிலானிலிருந்து வரும் ஜினெவ்ரா. ரோவேனாவின் அம்மா சோலெங் அந்த நகரத்தில் ஒரே வீட்டில் இருபத்து நாலு வருஷம் வேலை செய்தாள். அந்த வீட்டுப் பிள்ளைதான் ஜினெவ்ரா. பிறந்த அன்றே சோலெங் கையில் கொடுத்துவிட்டார்களாம். பதாங்காஸ் கடற்கரையில் இருக்கிற எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் இத்தாலியில் யாரோ ஒருவர் பிள்ளையை வளர்த்தவர்கள்தான், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் வளர்ந்த பிள்ளை, வளர்த்தவளின் சாவுக்கு விமானம் ஏறி வருவது இதுதான் முதல் தடவை. அதற்காகத்தான் ஏழு நாளாகப் பெட்டியைக் கூடத்திலேயே வைத்துக் காத்திருந்தார்கள். பகல் இரண்டு மணிக்குக் கோயிலில் பூசை, அதற்குப் பிறகு அடக்கம்.

"உங்கம்மா அங்க போய் என்னத்தடி சொல்லி வெச்சிருக்கா?" என்றாள் அத்தை. "இந்த வீட்ல மூணு கோழிக்கு மேல எந்தக் காலத்துல இருந்தது?"

"இன்னும் இருக்கு அத்தை. கடலைப் பார்த்த மாதிரி மாடியாம். சாயங்காலம் அங்கதான் எல்லாரும் உக்காருவோமாம்."

"மாடியா! அது பக்கத்து வீடுடி!"

கூடமே சிரித்தது. ரோவேனாவும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கோபம் வந்தது. தனக்கு ஒரு கதைகூடச் சொல்லாத அம்மா, வேறொருத்திக்குக் குதிரையும் மாடியுமாகச் சொல்லியிருக்கிறாள். அடுத்து வந்தது பயம். அந்தப் பெண் வந்து இறங்குவாள், தகரக் கூரையைப் பார்ப்பாள், மூன்று கோழிகளைப் பார்ப்பாள். பெட்டிக்குள் வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாமல் கிடப்பவளைப் பார்த்து, 'இவ்வளவும் பொய்யா?' என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வாள்.

"எங்கம்மா பொய்க்காரின்னு பேர் வாங்கிட்டு மண்ணுக்குள்ள போகக் கூடாது" என்றாள் ரோவேனா. நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது.

அவ்வளவுதான். ஏழு நாளாகக் காபி குடித்துக் குடித்து அலுத்துப் போயிருந்த கூட்டத்துக்குப் புது ரத்தம் பாய்ந்தது. அத்தையின் புருஷன் டோமிங் மாமா எழுந்தார். ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்ததால் அவருக்கு எழுந்துகொள்ள நல்ல சாக்கு. "குதிரைதானே? பீச்சுல சவாரி விடறான்ல, அவன்கிட்ட ஒண்ணு இருக்கு. இதோ போய்ப் புடிச்சிட்டு வர்றேன்."

"வெள்ளையா மாமா?"

"குதிரைம்மா. நாலு கால் இருக்கும். மத்ததைக் கூட்டிட்டு வந்து பேசிக்கலாம்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் ரோமில் இருக்கிறார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அத்தையிடம்தான் சாவி கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊற்றினாளா என்று யாரும் கேட்கக் கூடாது. அரை மணி நேரத்தில் அந்த மாடியில் நாலு நாற்காலி ஏறியது. சோலெங்கின் பூப்போட்ட கவுன் கொடியில் தொங்கியது. அவள் செருப்பைக்கூடக் கொண்டுபோய் வாசற்படியில் ஜோடியாக வைத்தாள் அத்தை. நடுவில் இருந்த முள்வேலியை இரண்டு பேர் பிடுங்கிப் போட்டார்கள். இப்போது பார்த்தால் இரண்டும் ஒரே வீடுதான்.

குதிரை வந்தது. முகம் மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் காய்ந்த தேங்காய் மட்டை நிறம்.

"இதை வெள்ளைன்னு சொன்னா குதிரையே நம்பாது" என்றாள் அத்தை.

யார் சொன்ன யோசனையோ தெரியவில்லை, குழந்தைப் பவுடர் டப்பாக்கள் வீட்டுக்கு வீடு கிளம்பி வந்தன. ரோவேனாவின் ஐந்து வயது மகள் லிகாயா தன் டப்பாவையும் தியாகம் செய்தாள். ஏழெட்டுப் பெண்கள் சுற்றி நின்று தட்டத் தட்ட, தெருவே மணத்தது. குதிரை தும்மியது. தும்மத் தும்ம வெள்ளை உதிர்ந்தது. "மறுபடி போடு, மறுபடி போடு" என்று ரோவேனா கத்தினாள். தாயைப் பறிகொடுத்தவள் இப்படிக் கத்திக்கொண்டு ஓடுவாளா என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கே கேட்கத் தோன்றவில்லை. கல்யாண வீட்டில்கூட இவ்வளவு உற்சாகமாக அவள் ஓடியதில்லை.

அந்த நேரம் பார்த்துக் குதிரை வாசலில் சாணி போட்டது.

ஓடிப்போய்த் துடைப்பத்தை எடுத்த ரோவேனாவின் கையைத் தட்டிவிட்டாள் அத்தை. "அறிவிருக்கா? பெட்டி உள்ள இருக்கு!"

எங்கள் ஊரில் துக்க வீட்டைப் பெருக்க மாட்டார்கள். பெருக்கினால் வீட்டிலிருந்து இன்னொருவரையும் சேர்த்துப் பெருக்கிக்கொண்டு போய்விடும். ஏழு நாள் கடலைத் தோலும் சிகரெட் துண்டும் கிடக்கிற தரையில் இதுவும் கிடக்கட்டும் என்று விட முடியுமா? வருகிறவள் மிலான்காரி. பெருக்காமல் அள்ளலாமா என்று ஒரு கட்சி, அள்ளினாலும் பெருக்கின மாதிரிதான் என்று இன்னொரு கட்சி. கடைசியில் டோமிங் மாமா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டார். சரியாக அப்போது துக்கம் விசாரிக்க வந்த ஊர்த்தலைவர், தனக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று கும்பிட்டுவிட்டு அதில் உட்கார்ந்துகொண்டார். யாரும் எழுப்பவில்லை.

ஜினெவ்ரா வந்து இறங்கியபோது, குதிரை மிலான் வாழ் ஊர்க்காரர்கள் அனுப்பிய மலர் வளையத்தைப் பாதி தின்று முடித்திருந்தது.

ஒட்டடைக்குச்சி உயரம். முதுகில் ஒரு பை. வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கியவள் குதிரையைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் வாயைத் திறந்ததும்தான் ஆச்சரியம்.

"ஆத்தாடி ஆத்தா, என்ன வெயிலு! மனுசன வறுத்து எடுக்குது. யாரு இங்க பெலென் அத்தை? ஒரு சொம்பு தண்ணி குடுங்க மொதல்ல."

எங்கள் ஊர் மீன் சந்தைப் பேச்சு, அதே இழுவையோடு, அதே ராகத்தோடு. சோலெங் அங்கே வேறு பேச்சே பேசவில்லை போலிருக்கிறது. அத்தை ஓவென்று அழுதுகொண்டு அவளைக் கட்டிக்கொண்டாள். ஜினெவ்ரா குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள், உள்ளங்கை பூராவும் பவுடர். கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெட்டியின் கண்ணாடிமேல் கையை ஊன்றி வெகு நேரம் நின்றாள். "சொல்லாம கொள்ளாம படுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டாள். கண்ணீர் வந்தபோது சட்டென்று விலகிக்கொண்டாள். பெட்டியின்மேல் கண்ணீர் படக் கூடாது என்கிற எங்கள் ஊர் வழக்கம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ரோவேனாவுக்கு அது என்னவோ செய்தது. இதை அம்மா எந்த நாளில், எந்தச் சமையலறையில் இவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள்?

பிறகு சமையலறையில் ரோவேனா அவளுக்குச் சோறு போட்டாள். பொரித்த மீன், தொட்டுக்கொள்ளப் புளிக்காடி. ஜினெவ்ரா கையால் பிசைந்து, கட்டை விரலால் தள்ளி, எங்களைப் போலவே சாப்பிட்டாள். அத்தை அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் குதிரை யாரோடது?"

ரோவேனா இன்னொரு மீனை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். "எங்களோடதுதான்."

ஜினெவ்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். சோறு புரையேறியது. "எனக்குப் பத்து வயசுலயே தெரியும், குதிரையும் கெடையாது மாடியும் கெடையாதுன்னு. ஊரைப் பத்தி உள்ளது உள்ளபடிதான் சொல்லும் அம்மா. புயல்ல கூரை போனது, பள்ளிக்கூடத்துக்கு வெறுங்காலோட போனது, கருவாடு காயப்போட்டது, எல்லாம். நான் தூங்கலைன்னு வையுங்க, உடனே குதிரையைக் கொண்டாந்துடும்."

"அப்புறம் எதுக்கு வாசல்ல கட்டச் சொன்னே?"

"வெளையாட்டுக்கு! அழாம வந்து சேரணும்னு எழுதினேன். நீங்க நெசமாவே கட்டுவீங்கன்னு கண்டேனா?"

ரோவேனா அவளைப் பார்த்தாள். பவுடர் டப்பாக்கள், பிடுங்கின வேலி, சாணிமேல் உட்கார்ந்திருக்கிற ஊர்த்தலைவர், எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வர, தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அம்மா செத்த பிறகு முதல் தடவையாகக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதுவும் சிரித்து.

"ஆனா ஒண்ணு மட்டும் நெசம்னு தெரியும்" என்றாள் ஜினெவ்ரா. "ஞாயித்துக்கெழமை போன்."

ரோவேனாவின் சிரிப்பு நின்றது.

"காலைல பத்து மணியானா சமையக்கட்டுக் கதவைச் சாத்திக்கும். ஒரு மணி நேரம். உள்ள ஒரே சிரிப்பு. 'என் பொண்ணு போனை வெக்க விடமாட்டேங்கறா'ன்னு சொல்லிட்டு வெளிய வரும். எனக்கு உங்க மேல அவ்வளவு பொறாமைக்கா. கதவுக்கு வெளிய உக்காந்து அழுதிருக்கேன். அப்படி என்னதான் பேசுவீங்க?"

ரோவேனா பதினோரு வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அந்தப் போனுக்கு வந்ததில்லை. மணி அடித்தால் கொய்யா மரத்தில் ஏறிக்கொள்வாள். அத்தை எடுத்து, "வெளியில போயிருக்கா, நல்லாத்தான் இருக்கா" என்று இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வைத்துவிடுவாள். வைத்த பிறகு ஒரு மணி நேரம் அம்மா யாரோடு சிரித்தாள்? அம்மா ஊருக்குத் திரும்பி வந்த பிறகு இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி மரியாதையாக இருந்தார்கள். போனைப் பற்றி அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. போன புதன்கிழமை காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா கொடியைப் பிடித்தபடி சரிந்துவிட்டாள்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

"எல்லாம்தான் பேசுவோம்" என்றாள் ரோவேனா. "பள்ளிக்கூடம், மழை, அத்தை திட்டினது. நான்தான் விடவே மாட்டேன்."

"ஆமா, விட்டாத்தானே!" என்றாள் அத்தை, திரும்பாமலே. "பேசிப் பேசிக் காது புண்ணாப் போயிடும். கழுதை."

கரண்டி மறுபடி கிண்ட ஆரம்பித்தது. ஜினெவ்ரா திருப்தியாக மீன் முள்ளை உறிஞ்சினாள்.

இரண்டு மணிப் பூசைக்குக் கோயிலில் முதல் மணி அடித்தது. பெட்டி வீட்டை விட்டுப் போகுமுன் எங்கள் ஊரில் செய்கிற ஒரு காரியம் உண்டு. செத்தவர் ஆசை வைத்த பிள்ளைகளைப் பெட்டிக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தூக்கிக் கொடுத்து வாங்குவார்கள். தாண்டிவிட்ட பிள்ளையைத் தேடிக்கொண்டு செத்தவர் திரும்பி வர மாட்டார். தாண்டாத பிள்ளையிடம் வருவார், எட்டிப் பார்ப்பார், பக்கத்தில் வந்து உட்காருவார். அதற்குப் பயந்துதான் இந்த ஏற்பாடு.

பேத்தி லிகாயாவை டோமிங் மாமா தூக்கிக் கொடுத்தார், எதிர்ப்பக்கம் நின்று ரோவேனா வாங்கிக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால், அடுத்ததாக ஜினெவ்ரா செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள்.

"நான் தாண்ட வேண்டாமா?" என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டோமிங் மாமாவைவிட ஒரு முழம் உயரம். அத்தை சிரிக்கவில்லை, ரோவேனாவைப் பார்த்தாள். சொல்ல வேண்டியவள் அவள்தான்.

"தூக்குங்க" என்றாள் ரோவேனா. "அவளும் இந்த வீட்டுப் பிள்ளைதான்."

சீட்டாடின நாலு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கூடமே கூவியது. நீளக் காலில் ஒன்று பூச்சாடியைத் தட்டிவிட்டது. ஜினெவ்ரா அழுதுகொண்டே சிரித்தாள். ரோவேனா அவளை அக்குளில் கைகொடுத்து வாங்கி, கீழே நிறுத்தி, சட்டையை இழுத்துவிட்டாள்.

"நீயும் வாடி" என்றாள் அத்தை. "முப்பத்தஞ்சு வயசானா என்ன? பெத்தது உன்னைத்தானே. உன்னைத் தேடிட்டு வந்து நிப்பா, அப்புறம் பயந்து சாவே."

நாலு பேரும் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"வேணாம் அத்தை."

"ஏண்டி?"

ரோவேனா லிகாயாவின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள், பெட்டி போக வழி வேண்டுமே. நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நீட்டின கையை எடுத்துப் பெட்டியின் கைப்பிடிகளில் வைத்தார்கள்.