கண்ணாயிரம் தலையில் காய்ந்த தொப்பி

கெங்கம்மாளின் பேன்சீப்பில் எட்டாவது பல் உடைந்த அன்றுதான் தசரதனுக்குக் கெடு விழுந்தது.

தோலில் தையல் துளைகளை ஒரே இடைவெளியில் குறிக்க வேண்டுமானால் பல்லுப் பல்லாக ஒரு கருவி வேண்டும். அப்படியொன்று கடையில் விற்கிறது. ஆனால் கடை மலைக்குக் கீழே இருந்தது, சீப்பு மாடத்தில் இருந்தது. தசரதன் சீப்பைத் தோலின்மேல் நிறுத்தி, கொட்டாப்புளி மரச்சுத்தியால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். புள்ளிகள் எறும்புச் சாரி மாதிரி நேராக விழும். என்ன, இரண்டு தட்டுக்கு ஒரு பல் போகும்.

சீப்போடு நின்றிருந்தால் மனைவி கெங்கம்மாள் பொறுத்திருப்பாள். துளை போடுவதற்கு அடியில் கனமான கல் வேண்டுமென்று அம்மி போயிற்று. தோலின் ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கக் களி கிண்டும் துடுப்பு போயிற்று. தேய்ப்பதற்கு முன் ஓரத்தில் தடவப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சுகிறேன் என்று குழம்புச் சட்டி போயிற்று.

"யோவ், இது வூடா, செருப்புக் கம்பெனியா? அம்மில எது அரைச்சாலும் தோலு வாசன வருது. நேத்து தொவையல் அரைச்சேன், வாசல்ல கீற நாயி என்னப் பாத்து வாலாட்டுது."

"நாயிக்குக் கூட புடிச்சிருக்குதே," என்றார் தசரதன்.

அதுதான் தப்பாகப் போயிற்று.

நெல்லிவாசல்நாட்டில் தசரதனுக்குக் கொஞ்சம் சாமைக் காடு, ஏழு புளியமரம். காட்டில் கடுக்காய் பொறுக்கிக் கீழே அனுப்புவதும் உண்டு. கண்ணமங்கலத்து பிலிப் செருப்புக் கம்பெனியில் தோல் வெட்டுகிறவன். போன வருஷம் புளி வாங்க மேலே வந்தபோது, வெட்டி மிஞ்சிய துண்டுத் தோல் ஒரு மூட்டையும், பழைய கத்தி, குத்தூசி, இரண்டு தையல் ஊசியும் கொடுத்துவிட்டுப் போனான். இது கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் ஊறிப் பதமான தோல் என்று அவன் சொன்னதும் தசரதனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் கடுக்காய் கீழே போய், தோலுக்குள் புகுந்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அன்றிலிருந்து, அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக, யாரும் எழுப்பாமலே காலையில் எழுந்து ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

செய்தவை எல்லாம் சிறப்பாக அமைந்தன என்று சொல்ல முடியாது. அரிவாளுக்கு ஓர் உறை தைத்தார். அரிவாள் ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்து, வழியில் உறையை இரண்டாக்கியது. பக்கத்துக் காட்டுச் சடையனுக்கு ஒரு ஜோடிச் செருப்பு தைத்தார். தைக்கிற நூலுக்குத் தேன்மெழுகு பூச வேண்டும். மெழுகைக் கழுவினால் அதில் ஒட்டியிருக்கிற தேன் வீணாகும், வீணாக்கினால் பாவம் என்று அப்படியே பூசிவிட்டார். மூன்றாம் நாள் ஒரு கரடி சடையனை வீடுவரை கொண்டுவந்து விட்டது. சடையன் இடது செருப்பைக் கழற்றி எறிந்தான். கரடி அதை முகர்ந்துவிட்டு அங்கேயே நின்றது. ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு அது மட்டும் என்ன செய்யும் என்று வலதையும் எறிந்தான். அதற்குப் பிறகுதான் போயிற்று.

இத்தனையும் நினைவில் வைத்துத்தான் கெங்கம்மாள் கெடு வைத்தாள்.

"ஒரே ஒரு மனுசனக் காட்டு. நீ செஞ்சத போட்டுக்கினு, காலைல இருந்து வெளக்கு வைக்கிற வரிக்கும் கழட்டாம ஒரு நாளு இருக்கட்டும். அப்புறம் அம்மி உன்து, துடுப்பு உன்து, நான் வாயே தொறக்க மாட்டேன். நாளைக்கி ஒரு நாளு டைம் தரேன். இல்லன்னா மூட்டைய கட்டி என் தம்பி ஜீப்புல ஏத்தி, அந்த பிலிப்புக்கே அனுப்பிடுவேன்."

மறுநாள் விடிந்ததும் தசரதன் சிக்னல் பாறைக்கு ஏறினார். ஊரில் போன் பேச வேண்டுமானால் அந்தப் பாறையில், அதுவும் தெற்கே பார்த்து நிற்க வேண்டும்.

"பிலிப்பு, தொப்பி செய்யணும். இன்னிக்கே."

"இன்னிக்கேவா? செரி, பட்டைல பதமான தோலு பெரிய துண்டா ஒண்ணு குடுத்தேன் பாருங்க, அத எடுங்கண்ணே. அதுதான் சொன்ன பேச்சு கேக்கும். தண்ணில ஊற வெச்சி, குமிழி வர்றது நின்னதும் எடுத்து, தலை மாதிரி அச்சு மேல போட்டு இழுத்து, கயித்தால சுத்திக் கட்டிடுங்க. வெயில்ல காஞ்சா கல்லு கணக்கா நிக்கும். தப்பாச்சின்னா திரும்ப நனைங்க, இளகிடும். ஈரத்துல இரும்பு மட்டும் படக்கூடாது, பட்ட எடம் மையா கறுத்துடும். அச்சுக்கு இன்னா வெச்சிருக்கீங்க?"

"பாக்கறேன்," என்று தசரதன் இறங்கி வந்தார்.

பூசணிக்காயை வைத்துப் பார்த்தார். அதற்குக் கழுத்து இல்லை. சுரைக்குடுக்கைக்குக் கழுத்து மட்டும்தான் இருந்தது. பானைக்கு நெற்றி இல்லை. தலைக்கு உள்ளதெல்லாம் உள்ள பொருள் தலை ஒன்றுதான் என்று அவர் முடிவுக்கு வந்தபோது, உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டே கண்ணாயிரம் வந்து நின்றான்.

கண்ணாயிரம் கெங்கம்மாளின் தம்பி. மலைக்கும் அடிவாரத்துக்கும் ஆளேற்றி ஜீப் ஓட்டுகிறவன். அந்த ஜீப்பின் கூரையில், ஓட்டுகிறவன் தலைக்கு நேர் மேலே, ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்துக்குப் பள்ளம் அது அவன் உச்சியில் ஒன்று வைக்கும். ஒன்பது வருஷமாக ஒரே இடம். அறுத்துவிடலாமே என்று கேட்காதவர் இல்லை. கூரையைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த ஒரு போல்ட்தான் என்பான்.

"மாமா, நீதான் தோலு தோலுன்னு கீறியே. தலைக்கி மெத்துனு ஏதாவது தெச்சி குடேன்."

தசரதன் அவன் தலையைச் சுற்றி வந்து பார்த்தார். முடி அதிகம் இல்லை. நல்ல உருண்டை.

"மச்சான், அசையாம ஒக்காருவியா?"

"எவ்ளோ நேரம்?"

"காயிற வரிக்கும்."

"களி போடுவியா?"

இரண்டு உருண்டைக் கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் உள்ளே போனதும் கண்ணாயிரம் பாறைமேல் சாய்ந்தான். ஊறிய தோல் அவன் தலையில் ஏறியது. தசரதன் மடிப்பில்லாமல் இழுத்து, நெற்றியைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி முடிக்குமுன் குறட்டை வந்துவிட்டது. சித்திரை வெயில். அரைமணிக்கு ஒரு தடவை, வடாம் திருப்புகிற மாதிரி, மச்சானைத் திருப்பிப் போட்டார். பதினோரு மணி வாக்கில் தட்டிப் பார்த்தார். மரச்சத்தம் கேட்டது. கயிற்றை அவிழ்த்து, ஓரத்தைக் கத்தியால் சுற்றிலும் அரிந்தார். காது இரண்டும் தப்பின. அந்த வருஷம் அவர் செய்த வேலையில் அதுதான் சுத்தம்.

கண்ணாயிரம் கண் விழித்தான். கழற்றிப் பார்க்கலாமென்று பிடித்து இழுத்தான். தொப்பி வரவில்லை, அவன்தான் பாறையிலிருந்து எழும்பினான். காய்கிறபோது தோல் கொஞ்சம் சுருங்கும். சுருங்கின தோல் சும்மாவும் இருக்கவில்லை. அவனுடைய புருவம் இரண்டையும் பிடித்து நெற்றியில் பாதிவரை ஏற்றி வைத்திருந்தது.

ஜீப் கண்ணாடியில் கண்ணாயிரம் தன் முகத்தை நெடுநேரம் பார்த்தான்.

"மாமா, நான் ஏன் ஆச்சரியப்பட்டுக்கினு கீறேன்?"

"புதுசுல அப்படித்தான் இருக்கும்," என்றார் தசரதன்.

பகல் நடைக்கு ஆள்கள் காத்திருந்தார்கள். கெங்கம்மாளும் ஏறினாள். தோல் மூட்டையை முடிந்து மடியில் வைத்திருந்தாள். அடிவாரத்தில் கண்ணமங்கலம் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும் என்று முன்யோசனை. கண்காணிப்புக்கு அவளென்றால், கண்காணிப்பவளைக் கண்காணிக்கத் தசரதன் ஏறினார்.

முன் இருக்கையில் புளி விற்கப் போகிற பாஞ்சாலை. மருமகளைப் பற்றி அவள் சொல்ல ஆரம்பித்தால், ஓடுகிற ஜீப்பிலிருந்தே இறங்கி நடப்பார்கள். அன்றைக்கும் ஆரம்பித்தாள். "அவ உப்பு போட்டத நான் பாத்தேன், போடலன்னு சாதிக்கிறா," என்று சொல்லிக் கண்ணாயிரத்தின் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த ஆச்சரியத்தைப் பார்த்து அவளுக்கே மலைப்பாகிவிட்டது.

"நெஜமாத்தான் சொல்றேன் கண்ணாயிரம்," என்று குரல் இறங்கி, முதலிலிருந்து தொடங்கினாள். அடிவாரம் வருமுன் கல்யாணப் பேச்சு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். "வாக்கப்பட்டு வந்து முப்பது வருசத்துல என் பேச்ச ஒருத்தன் மனசு குடுத்துக் கேட்டு இப்பதான் பாக்கறேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

கண்ணாயிரம் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்தான்.

"நெத்தி வலிக்குது மாமா. இத எப்படி கழட்டறது?"

"கழட்டிடு தம்பி," என்றாள் கெங்கம்மாள்.

"வர்லக்கா."

"வர்லன்னா இது சேத்தி இல்ல," என்று அவள் தசரதன் பக்கம் திரும்பினாள். "பொறியில மாட்டுன எலிய காட்டி, எலி ஆசையா பொறிய போட்டுக்கினு கீதுன்னு சொல்லுவியா?"

"கழட்டாம இருக்கணும்னுதான நீ சொன்ன. எலியப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"பிலிப்புக்குப் போன் போட்டு கேளு மாமா," என்றான் கண்ணாயிரம்.

"சிக்னல் இல்ல," என்றார் தசரதன். ஜீப் செல்போன் கோபுரத்தின் நிழலில் நின்றுகொண்டிருந்தது.

பதில் அவருக்குத் தெரியும். பதில் அவர் மடியிலேயே இருந்தது. இரண்டு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர். ஒரு கை தெளித்துக் கால்மணி நேரம் விட்டால் தொப்பி இளகிவிடும். மச்சானுடைய நெற்றியைப் பார்த்தார். மனைவி மடியிலிருந்த மூட்டையைப் பார்த்தார். நாளைக்குக் காலையில் எழுந்து என்ன செய்வது என்று யோசித்தார். பிறகு பாட்டிலைத் திறந்து, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டுவரை தானே குடித்துவிட்டார்.

"இன்னாய்யா அவ்ளோ தாகம்?" என்றாள் கெங்கம்மாள்.

"வெயிலு," என்றார் அவர், பேச முடிந்த அளவுக்கு.

சாயங்காலம் ஜீப் திரும்பியது. புளி விற்றுவிட்ட பாஞ்சாலை, வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி முன் இருக்கையில் கூடையை முன்கூட்டியே வைத்திருந்தாள். மலை ஏறத் தொடங்கியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. கூரை அந்தப் போல்ட் வழியாகத்தான் ஒழுகும். சொட்டுச் சொட்டாகத் தொப்பியின் உச்சியில் விழுந்தது. தசரதன் எட்டித் தன் கையைக் குடையாகப் பிடித்துப் பார்த்தார். பள்ளம் வந்தது, போல்ட் அவர் கையில் ஒன்று வைத்தது, கையை எடுத்துக்கொண்டார்.

ஏழாவது வளைவில் தொப்பி தளர்ந்தது. கண்ணாயிரம் ஒரு கையால் அதைப் பிடுங்கிப் பின்னால் எறிந்தான். அது தசரதன் மடியில் வந்து விழுந்தது. அவன் புருவம் இரண்டும் பழைய இடத்துக்கு இறங்கின.

"ஏன், கதை நல்லால்லியா?" என்று பாஞ்சாலை பாதியில் நிறுத்தினாள்.

விளக்கு வைக்க இன்னும் அரைமணி இருந்தது. கெங்கம்மாள் மூட்டையின் முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

எல்லாம் போன பிறகு ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. "மச்சான்," என்றார் தசரதன், "தண்ணி பட்டா இளகும்னு எனக்குக் காலைலயே தெரியும்."

"தெரியுமா?" கண்ணாயிரம் திட்டுவதற்காக முழுசாகத் திரும்பினான். திரும்பியதால் பள்ளத்தைப் பார்க்கவில்லை.

டொக்.

வெறுந்தலையில் போல்ட் விழுந்த சத்தம் பின்சீட்டுவரை கேட்டது. அவன் முன்னால் திரும்பினான். அடுத்த பள்ளம். டொக். காலையிலிருந்து இத்தனை பள்ளத்தில் இது எங்கே போயிருந்தது என்று யோசிப்பவன் போலக் கொஞ்ச தூரம் ஓட்டினான். மூன்றாவது பள்ளம். டொக்.

இடது கையைப் பின்னால் நீட்டினான்.

"குடு."

"இன்னாத்த?"

"அத்தத்தான்."

ஈரத் தொப்பியைத் தானே உச்சியில் கவிழ்த்து, நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டான். பாஞ்சாலை அவன் முகத்தை எட்டிப் பார்த்தாள். "புருவத்துக்கு மேல இன்னும் கொஞ்சம் ஏத்தி வுடு," என்றாள். ஏற்றி விட்டான். அவள் கதையைத் தொடர்ந்தாள்.

வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது கண்ணாயிரம் தொப்பியோடுதான் இருந்தான். கெங்கம்மாள் உள்ளே போய் விளக்கேற்றிவிட்டு வந்து, தம்பியை ஒரு தடவை, புருஷனை ஒரு தடவை பார்த்தாள். தசரதன் மூட்டையைப் பார்த்தபடி நின்றார்.

"நடுவுல கழட்டிட்டான். கெடுப்படி நீ தோத்துட்ட," என்றாள்.

"ஆமா," என்றார் தசரதன்.

"ஆனா வெளிய வந்த எலி, தானா திரும்பிப் போயி உள்ள ஒக்காந்துகிச்சின்னா, அது பொறி இல்ல. வூடு." மூட்டையை அவர் கையில் வைத்தாள். "எடுத்துக்கினு போ. அம்மிய மட்டும் கழுவி வையி."

பதமான தோல் ஈரத்தில் இரும்பு பட்டால் கறுக்கும் என்று பிலிப் சொன்னது பொய்யில்லை. மழையில் போல்ட் இடித்த ஒவ்வோர் இடியும் தொப்பியின் உச்சியில் ஒரு கறுப்புப் புள்ளியாக நின்றது. ஏழாவது வளைவு வரைக்கும் நாற்பத்தொன்று, அதற்குமேல் பதினாறு. மறுமாதம் ரோடு பார்க்க வந்த இஞ்சினியர் மழைக்குப் பயந்து ஜீப்பிலிருந்து இறங்கவே இல்லை. கண்ணாயிரத்தின் தொப்பியை வாங்கிப் பள்ளங்களைக் குறித்துக்கொண்டு திரும்பிவிட்டார். தசரதன் கையில் விழுந்த ஒன்றும் வெறுந்தலையில் விழுந்த மூன்றும் தவிர, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை என்று பேச்சு.

தசரதன் இப்போது பாஞ்சாலைக்குக் கூடைப் பிடி தைத்துக்கொண்டிருக்கிறார். பல் போன சீப்பு அவர் மூட்டையில் சேர்ந்துவிட்டது. கெங்கம்மாள் புதுச் சீப்பு ஒன்று வாங்கி வந்தாள். தூங்கும்போதுகூட அதைக் கொண்டையிலிருந்து எடுப்பதில்லை.