உறைக்குள் போகாத பரிசு

வயசுப் பிள்ளைகளின் பிறந்த நாளுக்கு என்ன வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். செருப்பு வாங்கினால் அளவு சரியிருக்காது, சட்டை வாங்கினால் நிறம் பிடிக்காது. ஓர் உறை, உள்ளே இருபதாயிரம் தெங்கே பணம், மேலே பெயர். தீர்ந்தது விவகாரம். என் தங்கை ரௌஷானின் மகள் அயாலாவுக்குப் பத்து வயதிலிருந்து அப்படித்தான் செய்து வந்தேன். கைப்பேசியில் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கும் தாய்மாமன்களும் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. கரகண்டாவிலிருந்து இருநூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய், எல்லார் முன்னிலையிலும் கொடுப்பேன்.

அவளுடைய பதினைந்தாவது பிறந்த நாளுக்கு என் வேட்டைநாய் போரானும் கூட வந்தது. ஏழு லட்சம் தருகிறேன் என்று வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், அப்பேர்ப்பட்ட நாய். முற்றத்தில் கட்டிவிட்டு உள்ளே போனேன்.

வேகவைத்த கறியும் மாவுப்பட்டையும் சேர்ந்த பெஸ்பர்மாக் தட்டு வந்தது. ரௌஷானின் மாமனார் சாபித் நடுநாயகமாக உட்கார்ந்து ஆட்டுத்தலையை அறுத்துப் பங்கு வைத்தார். சாப்பிட்டு, தேநீர் வந்ததும் உறையை நீட்டினேன். அயாலா நன்றி சொல்லி வாங்கி, பிரிக்காமலே அம்மாவிடம் கொடுத்தாள். ரௌஷான் அதை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"என்னடி, பிரிச்சுக்கூடப் பாக்கல?" என்றேன்.

"பாத்து என்ன மாமா ஆகப் போகுது?"

எனக்குச் சுருக்கென்றது. வயிறு நிறைந்திருந்ததால் வாயும் நீண்டது. "பணம் புடிக்கலைன்னா சொல்லு. உன் மாமன் என்ன இல்லாதவனா? என்ன வேணுமோ கேளுடி!"

சொன்ன பிறகுதான் செய்த மடத்தனம் புரிந்தது. எங்கள் ஆட்களில் சகோதரியின் பிள்ளை தன் வாழ்நாளில் மூன்று முறை தாய்மாமனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மாமன் மறுக்கக் கூடாது, மறுத்தால் கை நடுங்கும் என்பார்கள். நாலு வயதில் என் நரித்தோல் தொப்பியைக் கேட்டு வாங்கினாள். ஒன்பதில் ஒரு குதிரைக்குட்டி. மூன்றாவது பாக்கி இருந்தது. பெரியவர் உட்கார்ந்திருக்கிற சபையில் 'கேள்' என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அயாலா எழுந்து நின்றாள். "போரான் வேணும் மாமா."

சாபித் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நீதான்ப்பா கேக்கச் சொன்னே, யெர்மெக். எனக்கு வயசானாலும் காது நல்லாக் கேக்குது." கிழவருக்குக் கொண்டாட்டம்.

"நாயை வளக்குறது லேசு இல்லடி. தினமும் ஓட விடணும், கறி போடணும்..."

"வளக்குறதுக்கு இல்ல மாமா. விக்கிறதுக்கு."

எனக்கு ரத்தம் கொதித்தது. "விக்கிறதுக்கா? என் போரானையா?"

"நாய்னா அம்மா பையில போட முடியாதுல்ல."

"அயாலா!" என்று அதட்டினாள் ரௌஷான். பெண் நிறுத்தவில்லை. பள்ளிக்கூட வாலிபால் அணி அல்மாத்தி போகிறதாம். தொண்ணூறாயிரம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். பிறந்த நாள் பணத்தைக் கேட்டால் அம்மாவிடம் இல்லையாம்.

"அஞ்சு வருஷத்துல ஒரு நோட்டை நான் தொட்டது கிடையாது. போன வருஷத்து உறை உங்க பையன் சுன்னத்து விருந்துக்கே திரும்பி வந்துச்சு. அதுக்கு முந்தினது அத்தையோட பொறந்த நாளுக்கு. மேல இருக்குற பேரை மட்டும் மாத்துவாங்க. அப்படிப் பாத்தா நீங்க எனக்கு ஒண்ணுமே குடுக்கல மாமா."

அந்த விருந்தில், என் தங்கைக்குத் தாராளக் கை என்று நாலு பேரிடம் பெருமையடித்தவன் நான். இப்போது தேநீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

முறை என்றால் முறை. முற்றத்துக்குப் போனேன், எல்லாரும் பின்னால் வந்தார்கள். போரானை அவிழ்த்து வாரை அவள் கையில் கொடுத்தேன். அது என் முழங்காலில் சாய்ந்துகொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தது.

"எனக்கே வித்துடு," என்றேன். "எவ்வளவு?"

"தொண்ணூறாயிரம்."

"ஏழு லட்சம் போகும்டி, கழுதை."

"எனக்குத் தொண்ணூறுதான் வேணும்."

வண்டிக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். உடனே பக்கத்திலிருந்து ரௌஷானின் கை நீண்டது. "குடும்மா, நான் பத்திரமா..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மேலங்கியில் துடைத்தாள். அயாலா பணத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வாரை என்னிடம் தந்தாள்.

கிளம்பும்போது ரௌஷான் வண்டிவரை வந்தாள். நாலு வார்த்தை கேட்காமல் போக எனக்கு மனசில்லை.

"பெத்த பிள்ளை காசை எடுத்துச் செலவு பண்றியே, வெக்கமா இல்ல?"

அவள் கோபப்படவில்லை. "எனக்குப் பொறந்த நாளுக்கு வந்ததை எல்லாம் அம்மா உன் கல்யாணத்துக்குத்தான் எடுத்து வெச்சாங்க அண்ணே. பதினெட்டு வயசு வரைக்கும். அதுல ஒரு குளிர்கோட்டு வாங்கணும்னு நெனச்சிருந்தேன். எனக்கு இவ மாதிரி கேக்கத் தெரியல."

எனக்கு அவமானமாக இருந்தது. கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. மிச்சம் பதினோராயிரம் இருந்தது. அதை எடுக்கக் கூசி, கையை அப்படியே வெளியே எடுத்தேன்.

"குளிருது, உள்ள போ," என்றேன். போனாள்.

அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது வயது. பணமில்லாமல் வேறு என்ன கொடுத்தால் அவளுக்குப் பிடிக்கும் என்று வண்டியில் யோசித்துக்கொண்டே வந்தேன். கரகண்டா வரும்வரை ஒன்றும் தெரியவில்லை.