மூன்று டிகிரி வளைவு

எல்லாக் கால்களையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட ஆசைப்பட்ட ஒருவரின் கதை இது. அவர் கெட்டவர் அல்லர். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பொறியாளர். முழங்கால் மூட்டு மாற்று அறுவையில் எலும்பை எந்தக் கோணத்தில் வெட்டவேண்டும் என்று திரையில் காட்டும் கணினிக் கருவியை ஆறு ஆண்டுகள் மெனக்கெட்டு உருவாக்கியிருந்தார். அதைச் சோதித்துப் பார்க்க இசைந்த முப்பது நோயாளிகளுள் அவருடைய அக்காவும் ஒருவர். தம்பி செய்த கருவி என்று வார்டு முழுவதும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார் அந்த அம்மாள்.

அறுவை அன்று, எலும்பில் பொருத்திய பளபளப்பான உருண்டைகளைக் கேமரா பின்தொடர, திரையில் எண்கள் ஓடின. மருத்துவர் கையை நிறுத்தினார்.

“இவங்களுக்குப் பிறவியிலேயே கால் கொஞ்சம் வளைவு. மூணு டிகிரி அப்படியே விட்டுடலாமான்னு பாக்கறேன்.”

“வேண்டாம் டாக்டர். எல்லாருக்கும் வளைவு ஜீரோன்னு வச்சிருக்கோம். ஒருத்தருக்கு மாத்தினா ஆய்வே கெட்டுடும்,” என்றார் பொறியாளர். சொந்த அக்காவுக்குச் சலுகை காட்டினார் என்ற பேச்சு வந்துவிடுமோ என்ற அச்சமும் உள்ளே இருந்தது. மருத்துவர் அரைமனத்தோடு வெட்டினார். முப்பது பேரில் அவ்வளவு துல்லியமாக அமைந்த கால் வேறில்லை.

ஓராண்டு கழித்து அக்கா பரிசோதனைக்கு வந்தார். செயற்கை மூட்டு இருப்பதையே மறந்துபோகிறீர்களா என்று கேட்கும் படிவத்தில், நடக்கையில், படியேறுகையில் என ஒவ்வொரு கேள்விக்கும் ‘எப்போதும்’ என்றே குறியிட்டுக் கொடுத்தார். பொறியாளருக்குத் தலைகால் புரியவில்லை. வழியனுப்ப வாசலுக்கு வந்தவர், அக்கா கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிப் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குவதைக் கண்டார்.

ஓடிப்போய், ஏன் இப்படி எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டார்.

“கால் எவ்வளவு நேரா இருக்குன்னு நீதானேடா படம் காட்டினே? அப்புறம் வலிக்குதுன்னு எந்த வாயால சொல்றது? என் காலுக்குத்தான் உன் மெஷினோட ஒத்துப்போகத் தெரியலேன்னு நினைச்சேன்.”

பொறியாளர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மருத்துவர் கேட்டதையும் தாம் மறுத்ததையும் ஒளிக்காமல் சொன்னார். இரண்டையும் ஆய்வறிக்கையில் எழுதப்போவதாகவும், படிவத்தை மறுபடி நிரப்பித் தரும்படியும் வேண்டினார். அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“இதைச் சரிபண்ண முடியுமா?”

“மறுபடி திறக்கணும்க்கா. இன்னும் எலும்பு போகும்.”

“அப்ப வேண்டாம். கையைக் குடு.”

மீதமிருந்த ஒன்பது படிகளையும் இருவரும் பக்கவாட்டிலேயே இறங்கினார்கள்.