மேசைமேல் பேசலாகாது

சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையோரச் சவுக்குத் தோப்புகளுக்கிடையே நிற்கும் அந்தக் கல்லூரியில், மனிதக் கழுத்தைச் சொடுக்கும் ஓசையை ஒலிபெருக்கியில் கேட்பிப்பார்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் நிறுவனர் நாளன்று, முதலாமாண்டில் முதல் மதிப்பெண் பெற்ற மாணவரை மேடையில் ஒரு மேசைமீது மல்லாத்துவார்கள். மூத்த மாணவர் ஒருவர் கழுத்தருகே ஒலிவாங்கியைப் பிடிப்பார். நிறுவனர் தலையை இரு கைகளிலும் ஏந்தி ஒரே திருப்பாகத் திருப்புவார். 'சடக்' என்ற ஓசை அரங்கம் முழுவதும் கேட்கும், கூட்டம் கைதட்டும், படுத்திருந்தவர் எழுந்து, சிரித்து, வணங்குவார். அந்த மேசையில் படுப்பதைக் குடும்பத்தார் பட்டமளிப்பைவிடப் பெரிதாக மதித்தார்கள்.

சென்ற மாசியில் அக்கல்லூரிக்கு வெள்ளிவிழா. முழங்கால் வலிக்காகச் செங்கல்பட்டிலிருந்து அங்கே சென்றுவந்துகொண்டிருந்த என்னை, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்பதால், கல்லூரியின் வரலாற்றை மேடையில் வாசிக்க அழைத்திருந்தார்கள்.

வரலாறு கேட்க இனிமையாகத்தான் இருந்தது. நிறுவனர் செங்கல்வராயன் காலால் பிறந்தவர்; தலைக்கு முன்னே கால் வெளிவந்ததாம். காலால் பிறந்தவன் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது இப்பகுதியின் நம்பிக்கை. ஆகவே, நடக்கத் தொடங்கிய நாள்முதல் அவரை வலைஞர்களின் முதுகுகளில் ஏற்றிவிட்டார்கள். பிற்காலத்தில் அவர் கடல் கடந்து சென்று, எலும்பையும் தசையையும் கையாலேயே சீர்செய்யும் ஆஸ்டியோபதி என்னும் மருத்துவத்தைக் கற்றுத் திரும்பினார். டச்சுக்காரர் கோட்டைச் சுவருக்கு அருகே ஓலைக் கொட்டகை, ஒரு பெஞ்சு: அதுவே தொடக்கம். இன்று மூன்று மாடிக் கட்டடம். பட்டப் படிப்பு, விளையாட்டணிகளுக்கு உதவுவோருக்கான ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு, வார இறுதிப் பயிற்சி, மீனவர் குப்பங்களில் ஞாயிறுதோறும் இலவச முகாம். இவை யாவும் மெய்யே. ஆனால் அங்கே ஒரு விதியும் இருந்தது. ஒவ்வொரு பயிற்சி அறையின் சுவரிலும் அதைப் பெரிதாக எழுதிவைத்திருந்தார்கள்: 'வாய் பொய் சொல்லும், கை பொய் சொல்லாது. மேசைமேல் பேசலாகாது.' படுத்தவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. கேட்பவன் கைத்திறன் அற்றவன். வாய் திறந்த மாணவரை அன்று முழுவதும் வெளியே நிறுத்துவார்கள். இப்படியொரு விதியை வகுத்தவரை 'மருத்துவர்' என்று எழுத என் பேனா கூசுகிறது.

அவ்வாண்டு மேசைக்கு உரியவள் காயத்ரி. கருங்குழியில் இரண்டு சிறிய லாரிகள் வைத்துத் தொழில் செய்யும் அருணகிரியின் ஒரே மகள். அருணகிரி, அவர் மனைவி கன்னியம்மா, கன்னியம்மாவின் தம்பி ரமேஷ், மற்ற உறவினர் என்று ஒரு வேன் நிறைய வந்து முன்வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். மேடையோரம் அமர்ந்திருந்த எனக்கு அவர்கள் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"மச்சான், செல்போன நேராப் புடி. காயு வரச்சொல்லோ கை ஆடிடப் போவுது" என்றான் ரமேஷ்.

"நீ மூடிகினு குந்துடா. லாரி ஸ்டேரிங்கு புடிக்கிற கைடா இது, ஆடுமா?"

காயத்ரி மேசைமேல் ஏறிப் படுத்தாள். படுத்தவள் பிடரியில் கைவைத்து, "சார், நேத்து..." என்று தொடங்கியதை நான் பார்த்தேன். ஒலிவாங்கியைப் பிடித்திருந்த மூத்த மாணவன் ஹரிசங்கர் உதட்டில் விரல்வைத்துத் தலையசைத்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். செங்கல்வராயன் தலையை ஏந்தினார், திருப்பினார்.

சடக்.

முதலில் கைதட்டியவர் அருணகிரி. எழுந்து நின்று தட்டினார்.

காயத்ரி எழவில்லை. அவளுடைய இடக்கை மேசைக்கு வெளியே தொங்கியது. "முழுத் தளர்வு. உடம்பு எப்படி இளகிவிட்டது பாருங்கள்!" என்றார் செங்கல்வராயன், ஒலிவாங்கியில். மறுபடியும் கைதட்டினார்கள். மேசையைத் திரைக்குப் பின்னால் தள்ளிச் சென்றார்கள். என்னை வாசிக்கச் சொல்லிக் கைகாட்டினார்கள். நானும் வாசித்தேன்.

ஓலைக் கொட்டகையை வாசித்துக்கொண்டிருந்தபோது உடற்கூறு ஆசிரியை சுஜாதா பக்கவாட்டுப் படியேறி வந்து நிறுவனர் காதருகே குனிந்தார். நான் நின்ற இடத்துக்கும் அவர்கள் இருந்த இடத்துக்கும் நடுவே ஒரு குத்துவிளக்குத்தான்.

"சார், வாந்தி எடுக்கிறா. வாய் ஒரு பக்கமா இழுத்துடுச்சு. கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கணும். உடனே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"சிறப்பு விருந்தினர் கிளம்பட்டும்மா."

"நேத்து கூடுவாஞ்சேரியில ஸ்கூட்டியிலேர்ந்து விழுந்திருக்கா, சார். அப்பவே கழுத்துல அடி. ராத்திரி பூரா தலைவலியாம். இப்பதான் குழறிக் குழறிச் சொன்னா."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"எப்ப சார் சொல்வா?" என்று கேட்டுவிட்டு, சுஜாதா விடைக்குக் காத்திராமல் இறங்கி ஓடினார். கல்லூரி வேன் ஓட்டுநர் சாலமோனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. என் வாசிப்பு அத்துடன் நின்றது.

அதற்குள் ரமேஷ் திரையை விலக்கிவிட்டான். அக்காள் மகளின் கோணிய வாயையும், வழிந்த எச்சிலையும், வரவேற்புப் பதாகையால் வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்த ஹரிசங்கரையும் ஒருசேரக் கண்டான். கையில் அகப்பட்டது ஒலிவாங்கியின் இரும்புத் தண்டு. அதை ஓங்கி ஹரிசங்கரின் வாயில் அடித்தான். பற்கள் சிதறி மேடைப்பலகையில் விழுந்தன. இரண்டாம் அடி தோளில். மூன்றாம் அடிக்கு அவன் கீழே கிடந்தான்.

"புள்ளைய சாவடிச்சிட்டு பாட்டுக்கச்சேரியாடா வெச்சிகினு கீறீங்க!"

கருங்குழியார் அத்தனை பேரும் எழுந்தார்கள். நாற்காலிகள் பறந்தன. குத்துவிளக்கு சாய்ந்து திரை பற்றியது; அதை அணைக்கப் போன காவலாளியை நெருப்பின்மேலேயே தள்ளினார்கள். மேடையோரம் தொங்கிய பாட எலும்புக்கூட்டைப் பிடுங்கி உடைத்து, அதன் தொடையெலும்புகளையே தடியாக்கி ஆசிரியர்களை அடித்தார்கள். முதலாமாண்டுப் பெண்கள் கதவில் நெரிபட்டு அலறினார்கள். சிறப்பு விருந்தினர் சன்னல் வழியே குதித்தார். செங்கல்வராயன் இரு கைகளையும் உயர்த்தி, "அமைதி, அமைதி" என்றார். கழுத்தில் போர்த்தியிருந்த பொன்னாடையின் இரு முனைகளையும் பிடித்து, அறுபத்தெட்டு வயதுக் கிழவரைக் கன்றுக்குட்டியைப்போல் இழுத்துப் படியில் உருட்டினார்கள்.

நான் மேடைக்குப் பின்புறமாக ஓடினேன். அங்கே சுஜாதாவும் சாலமோனும் காயத்ரியை ஒரு பலகையோடு தூக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, உள்ள ஏறுங்க! தலைய ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிங்க. இம்மிகூட அசையக் கூடாது!"

ஏறினேன். அந்தப் பெண்ணின் தலை என் உள்ளங்கைகளுக்குள் வந்தது. ஒரு விழி என்னைப் பார்த்தது. மற்றொன்று எங்கோ நிலைகுத்தியிருந்தது. சுஜாதா கதவைச் சாத்திக்கொண்டு அவளருகே மண்டியிட்டார். "பேசு காயத்ரி. என்ன வேணும்னாலும் பேசு. நிறுத்தாத."

வெளியே மரங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் இன்னும் உயிரோடு இருந்தன. கீழே விழுந்த ஒலிவாங்கியை எவரும் அணைக்கவில்லை. அதில் ரமேஷின் குரல் மூச்சிரைத்தது.

"இந்தக் கைதானே? சொல்லுடா. இந்தக் கைதானே?"

பிறகு இரும்பு இறங்கும் ஓசை. அதன்பின் விரல்கள் ஒடியும் ஓசை. அதையும் அரங்கமும் தோப்பும் கேட்டன. ஒரு கை முடிந்து மறு கை. செங்கல்வராயனின் ஓலம் சவுக்குத் தோப்பில் மோதித் திரும்பியது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அந்தக் கைகள் எவருடையவை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் பெயரை இங்கே எழுதியிருப்பேன்.

பின்வாயிலை அடைந்தபோது அது பூட்டியிருந்தது. கலவரத்துக்கு அஞ்சி யாரோ பூட்டிவிட்டு ஓடியிருந்தார்கள். சாலமோன் இறங்கிக் கல்லெடுத்துப் பூட்டை அடித்தார். அந்தச் சத்தம் அவர்களை அழைத்துவந்துவிட்டது.

"பின்னால வண்டி கெளம்புது! வாத்தியானுங்க ஓடறானுங்க, வுடாத!"

வேனின் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே யார் என்று வெளியிலிருந்து தெரிய வழியில்லை. முன்னால் ஓடிவந்தவர் அருணகிரி. பாதையோரக் கருங்கல் ஒன்றை இரு கைகளாலும் தலைக்குமேல் தூக்கி எறிந்தார். முன்கண்ணாடி வெடித்து உள்ளே கொட்டியது. தடுக்கக் கைநீட்டிய சாலமோனின் மண்டையில், பந்தலிலிருந்து யாரோ பிடுங்கிவந்த இரும்புக் குழாய் இறங்கியது. அவர் சக்கரத்தருகே சரிந்தார். சரிந்தவரை மிதித்துக்கொண்டு வேனைச் சூழ்ந்தார்கள். பக்கக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக நொறுங்கின. என் கைகளை எடுக்க முடியாது. ஆகவே அவள் முகத்தின்மேல் கவிழ்ந்துகொண்டேன். என் முதுகில் தடி விழுந்தது. வேனைப் பிடித்து ஆட்டத் தொடங்கினார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அந்தக் கழுத்து என் கைகளுக்குள் நழுவப் பார்த்தது.

"உள்ள காயத்ரி இருக்கா! காயத்ரிடா!" என்று சுஜாதா தொண்டை கிழியக் கத்தினார். கலவரம் செய்பவனுக்குக் காது கிடையாது. உடைந்த சன்னல் வழியே நுழைந்த கை ஒன்று அவர் கூந்தலைப் பற்றி, முகத்தைச் சட்டத்தில் மோதியது. மோதிய பின்னும் அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

மகளைத் தேடித் திரைக்குப் பின்னால் அலைந்த கன்னியம்மா அப்போதுதான் வந்து சேர்ந்தார். உடைந்த சன்னலில் தலையை நுழைத்தார். ஒரு பார்வைதான். திரும்பி, அடுத்த கல்லைத் தூக்கி நின்ற கணவனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"யோவ்! உம் பொண்ணுய்யா உள்ள கீது! உம் பொண்ணு மேலயே கல்லு போட்டுகினு கீறியே, பாவி!"

கல் அருணகிரியின் காலருகே விழுந்தது. அவர் உள்ளே பார்த்தார். மகளின் தலைமுடியில் கண்ணாடித் துண்டுகள் மின்னின. அவர் வாயிலிருந்து வந்தது சொல்லன்று.

பூட்டை உடைக்க நேரமில்லை. வேனால் வாயிலை மோதித் தள்ளலாம் என்று ஒருவன் சொன்னான். "மோதினா செத்துடுவா!" என்று சீறினார் சுஜாதா, மூக்கிலிருந்து குருதி வழிய. வேனை உடைத்த இரும்புக் குழாய்களாலேயே வாயிற்கதவைக் கீலோடு பெயர்த்தார்கள். சாலமோனைத் தூக்கி முன்னிருக்கையில் சாய்த்தார்கள். கன்னியம்மா மகளின் காலடியில் ஏறிக்கொண்டார். அருணகிரி ஓட்டுநர் இருக்கையில், கண்ணாடிச் சிதறல்களின்மேலேயே உட்கார்ந்தார்.

முன்கண்ணாடி இல்லாத வேனில் கடற்காற்று மணலோடு வந்து அறைந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் "மெதுவா!" என்று சுஜாதா கத்த, மறுகணம் "வேகமா!" என்று கத்த, அந்த மனிதர் இரண்டுக்கும் கட்டுப்பட்டார். பக்கத்தில் சாய்ந்திருந்த சாலமோனின் குருதி கியர்த்தண்டின்மேல் சொட்டியது. திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் சாலமோன் கண்விழித்தார்.

"அண்ணாத்த, ஹாரன் வேல செய்யாது. ஆள் வந்தா கத்திகினே போ."

அருணகிரி செங்கல்பட்டு வரைக்கும் கத்திக்கொண்டே போனார்.

மருத்துவமனையில் அவளை ஏந்திக்கொண்ட இளம் மருத்துவர் முதலில் அவளிடம்தான் குனிந்தார்: "எங்கம்மா வலிக்குது? எங்கயாவது விழுந்தியா?" இந்த இரண்டு கேள்விகளுக்காக அவள் முப்பது கிலோமீட்டர் வரவேண்டியிருந்தது. ஸ்கேன் பார்த்துவிட்டு வந்து அவர் அருணகிரியிடம் திரும்பினார். "கழுத்துல ரத்தக்குழாய் கிழிஞ்சு, மூளைக்கு ரத்தம் போறது தடைபட்டிருக்கு. ஏன் இவ்வளவு நேரம்? தலையில கண்ணாடி எப்படி வந்தது?"

பின்னால் வேறு வண்டியில் வந்துசேர்ந்த உறவினர் ஒருவர் முந்திக்கொண்டு, "காலேஜ்காரனுங்கதான் சார் ஒடைச்சானுங்க" என்றார்.

"நான்தான் ஒடைச்சேன்" என்றார் அருணகிரி. மாலையில் வந்த காவல் ஆய்வாளரிடமும் அதையே சொன்னார். அந்த ஆசிரியை அம்மாவின் மூக்குக்கும், அந்த ஓட்டுநரின் மண்டைக்கும் தாமே பொறுப்பு என்றும் சொன்னார். அடித்தவர்கள் வேறு பலர் என்பதை நான் அறிவேன். ரமேஷைச் சதுரங்கப்பட்டினத்திலேயே பிடித்துவிட்டார்கள். செங்கல்வராயனையும் அதே மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள், இரு கைகளையும் துணியில் பொதிந்து, காவலுடன். இப்போது கல்லூரி பூட்டிக் கிடக்கிறது. சுவரில் அந்த விதி இன்னும் இருக்கிறதாம்; வெள்ளையடிக்கக்கூட எவருக்கும் தோன்றவில்லை.

காயத்ரி பிழைத்தாள். இடப்பக்கம் அசையவில்லை. பேச்சு வருவதற்குச் சில நாள்கள் ஆயின. அருணகிரியைப் பிணையில் விட்டிருந்தார்கள். நான் பார்க்கப் போன அன்று, அவர் கட்டிலருகே நின்று, மகளின் தலைமுடியில் அகப்பட்ட கடைசிக் கண்ணாடித் துகள்களைச் சீப்பால் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் உதடுகள் அசைந்தன.

"இன்னாம்மா? தண்ணி வோணுமா?"

இல்லையென்று கண்ணை மூடித் திறந்தாள். மீண்டும் முயன்றாள். அவர் காதை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"மெதுவா சொல்லுமா. எத்தினி தபா வேணா சொல்லு. நான் கேட்டுகினே கீறேன்."

சொற்கள் ஒவ்வொன்றாக, ஈரமாக, உருக்குலைந்து வந்தன. கட்டிலின் மறுபக்கம் நின்ற எனக்கும் அவை புரிந்தன.

"நீ... ஏன்ப்பா... கை தட்ன?"

அருணகிரி நிமிரவில்லை. சீப்பைப் பிடித்திருந்த கை அவள் தலைமேலேயே நின்றுவிட்டது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், விடைக்காக.