சாக்பீஸில் எழுதிய பெயர்

"பொண்ணுக்கு ஆறு வயசாயிடுச்சு. ஒரு பொம்மை கூட அனுப்பலையே?" என்று அன்றைக்குத் தொலைபேசியில் கேட்டேன்.

"அதைவிடப் பெருசா செஞ்சிருக்கேன், ரிம்மா. அரை டன் குண்டு மேல சாக்பீஸால 'தாயாவோட பிறந்தநாள் பரிசு'ன்னு எழுதினேன். காலைல போட்டாச்சு. பசங்க ஃபோட்டோ எடுத்திருக்காங்க."

என் கணவன் ரோடியோன், வீட்டில் ரோத்யா, குண்டுவீச்சு விமானத்தில் குறி பார்ப்பவன். இரண்டாம் செச்சென் போரின் முதல் குளிர்காலம் அது. பதக்கத்தோடு ஊர் திரும்பியவன், அந்தக் குண்டு எப்படி வேலை செய்யும் என்று சாப்பாட்டு மேஜையில் விளக்கினான், என்னிடமிருந்த ஒரே சென்ட் பாட்டிலை அடித்துக் காட்டி. முதலில் எரிபொருள் பனிமூட்டமாகப் பரவும். கதவிடுக்கு, நிலவறை, எல்லாவற்றிலும் நுழையும். அப்புறம்தான் தீ. மூச்சுவிடக் காற்று மிஞ்சாது.

பாதி சென்ட்டைத் தீர்த்துவிட்டுச் சிரித்தான்.

நிலவறையில் நாங்கள் உருளைக்கிழங்கு வைப்போம். குண்டு விழும் ஊர்களில் அங்கேதான் தாய்மார்கள் பிள்ளைகளோடு பதுங்குவார்கள். அவனிடம் ஒன்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவன் தட்டில் இன்னும் நாலு இறைச்சிக் கொழுக்கட்டை வைத்தேன். அந்த ஃபோட்டோவுக்குச் சட்டம் போட்டதும் நான்தான்.

இந்தச் சனிக்கிழமை தாயாவுக்குக் கல்யாணம். விருந்தில் மணப்பெண்ணின் சின்ன வயதுப் படங்களைத் திரையில் காட்டுவது எங்கள் வழக்கம். படங்களை அடுக்கும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். மூன்றாவதாகக் குண்டு. மாப்பிள்ளை வீட்டாருக்கு மாமனார் யாரென்று தெரிய வேண்டுமாம்.

"அதை எடுத்துடுங்கப்பா," என்றாள் தாயா.

"ஏன்? எந்தப் பொண்ணு பேருக்கு இந்தக் கொடுப்பினை கிடைச்சிருக்கு?"

பிறகு வழக்கமான கச்சேரி. எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம், திரும்பி வந்ததும் உணவுக்கூடத்தில் என்ன சூப். இருபத்திரண்டு வருஷமாக ஒரு கரண்டி சூப்பைக்கூட அவன் மறக்கவில்லை.

தாயா என்னைப் பார்த்தாள். சட்டம் போட்ட கையைத்தான் பார்க்கிறாள் என்று தோன்றியது. சுவரிலிருந்து படத்தைக் கழற்றி, முகம் தெரியும்படி அவன் முன்னால் மேஜையில் வைத்தேன்.

"சூப்பு போதும், ரோத்யா. ஊர் பேரைச் சொல்லு. நம்ம பொண்ணு பேரு எந்த ஊர்ல விழுந்துச்சு?"